கோதுமை கூடாத பிள்ளைக்குப் பக்வீட் மாவில் பாணும் கேக்கும் சுடுவது எப்படி?

மல்லாவியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: 9 வயது மகளுக்குக் குளூட்டன் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதம்) ஒத்துக்கொள்ளாது, கோதுமையை முற்றாக நிறுத்துங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பாரிஸிலிருந்து வந்த மச்சாள் 2 கிலோ பக்வீட் மா கொண்டுவந்து தந்திருக்கிறார். கோதுமை மாவுக்குப் போடும் அதே கணக்கில் அரைக் கிலோ மாவுக்கு 300 மில்லிலீற்றர் தண்ணீர், ஈஸ்ட், உப்பு சேர்த்து நன்றாக அடித்துக் குழைத்துச் சுட்டால் பாண் செங்கல்லாக வந்தது. கேக் வெட்டும்போதே உதிர்ந்தது. மா பழுதா, கைப்பிழையா, மிச்ச மாவை என்ன செய்யலாம்? அளவு கேட்பது போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குளூட்டன் செய்த வேலையை இனி எதைக்கொண்டு செய்விப்பது என்பது ஒன்று. இந்த மா பிள்ளைக்கு உண்மையிலேயே பாதுகாப்பானதா என்பது மற்றது. இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். பாண் பிழைத்தால் கோழிக்குப் போட்டுவிடலாம், இது பிழைத்தால் பிள்ளைதான் வருந்தும். உணவு விஞ்ஞானம் படித்து வெதுப்பகத் தொழிலில் இருப்பவர் என்ற அளவில் எழுதுகிறேன். மருத்துவம் என் துறையல்ல.

பக்வீட் கோதுமை இனமே அல்ல. நெல், கோதுமை, குரக்கன் எல்லாம் புல் குடும்பம். பக்வீட் மூன்று மூலையுள்ள விதை தரும் ஒரு பூண்டு, அதில் இயற்கையாகவே குளூட்டன் இல்லை. இது உறுதி. ஆனால் அந்தப் பொதிக்குள் குளூட்டன் இல்லை என்பதற்கு இது மட்டும் போதாது. பிரான்ஸில் இந்த மாவைச் சராசான் என்றும் ப்ளே நுவார் என்றும் விற்பார்கள். ப்ளே என்று தனியே எழுதியிருந்தால் அது கோதுமை, நுவார் சேர்ந்திருந்தால் பக்வீட். கோதுமை அரைக்கும் அதே ஆலையிலேயே இதையும் அரைப்பதுண்டு. ஆகவே பொதியில் 'சான் க்ளுட்டன்' (குளூட்டன் இல்லாதது) என்ற சொல்லையோ, கோதுமைக் கதிருக்குக் குறுக்கே கோடு போட்ட முத்திரையையோ தேடுங்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவுக்குத்தான் அந்தச் சொல்லைப் போடலாம். அவ்வளவு சிறிய அளவை நாக்காலோ கண்ணாலோ பிடிக்க முடியாது. அந்தச் சொல்லும் முத்திரையும் இல்லாவிட்டால், அதிலும் 'த்ராஸ்' (சிறிதளவு கலப்பு) என்று வரும் வரியில் ப்ளே அல்லது க்ளுட்டன் என்ற சொல் இருந்தால், அந்த மாவைப் பெரியவர்கள் சாப்பிடட்டும், பிள்ளைக்கு வேண்டாம். பக்வீட் நூடில்ஸ், பான்கேக் கலவை என்று வருபவற்றில் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கும். யப்பானியரின் சோபா நூடில்ஸில்கூட ஐந்தில் ஒரு பங்கு கோதுமை சேர்ப்பது பழைய வழக்கம்.

வெளிநாட்டுப் பொதியைவிட நம் குசினியில்தான் ஆபத்து அதிகம். வன்னியில் பல வீடுகளில் அரிசி மாப் புட்டும் அவித்த கோதுமை மாப் புட்டும் ஒரே நீத்துப்பெட்டியில்தான் வேகின்றன. ஓலைப் பின்னலின் இடுக்கில் இறங்கிக் காய்ந்த மா எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. பிள்ளைக்குப் புதிதாக ஒரு நீத்துப்பெட்டி வாங்கிவிடுங்கள். அரிதட்டும் அப்படித்தான், அதன் கம்பிவலை முடிச்சுகளில் மா தங்கும். இடியப்ப உரல், மர அகப்பை, பாண் தகரம் எல்லாவற்றையும் தனியாக வைத்து நிறமடித்து அடையாளம் போட்டால் அம்மம்மாவும் மாற்றி எடுக்கமாட்டா. மில்லில் உங்களுக்கு முன்னால் எதை அரைத்தார்களோ அதன் மிச்சம் உங்கள் மாவில் வரும், அதனால் அரிசியையும் குரக்கனையும் வீட்டு மிக்ஸியில் அரைப்பதே நல்லது. கடையில் வாங்கும் குரக்கன் மா கோதுமை மா கலந்ததாகவும் இருக்கலாம், பொதியின் பின்பக்கத்தை வாசியுங்கள். கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா சேர்ந்திருக்கும். சோயா சோஸிலும், மோல்ட் சேர்ந்த பால் பானங்களிலும் கோதுமையோ பார்லியோ உண்டு. ரவையும் ஆட்டா மாவும் கோதுமைதான். இதைச் சொல்லக் காரணம், உறவினர் வீட்டில் 'மா இல்லை, ரவைதான்' என்று அன்போடு கொடுத்துவிடுவார்கள்.

பாதுகாப்பில் இன்னும் இரண்டு விடயம். கோதுமையோடு சம்பந்தமில்லாமல் பக்வீட்டுக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அரிது, ஆனால் வந்தால் கடுமையாக வரும். யப்பானில் பொதியில் கட்டாயம் அறிவிக்கவேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் அதுவும் ஒன்று. முதல் நாள் ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு எது கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையானால் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். அடுத்தது, குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையோ குடல் பரிசோதனையோ இன்னும் செய்யவேண்டியிருந்தால், அதற்கு முன் கோதுமையை நிறுத்துவது முடிவைப் பிழையாக்கிவிடும். எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பாணுக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மா பழுதில்லை, கணக்குத்தான் வேறு. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுக் குழைக்கக் குழைக்கக் குளூட்டன் இழுபடும் வலையாகிறது. ஈஸ்ட் விடும் காற்று அந்த வலைக்குள் பலூன் போல ஊதி நிற்கிறது. பக்வீட்டில் வலை இல்லை. நீங்கள் அரை மணி நேரம் அடித்தாலும் ஒன்றும் உருவாகாது, கைதான் நோகும். அதோடு பக்வீட் மா தண்ணீரை நிறையக் குடிக்கும், ஊறும்போது ஒருவித வழுவழுப்பும் வரும். 500 கிராமுக்கு 300 மில்லிலீற்றர் கோதுமைக்குச் சரி, இதற்குப் போதவே போதாது. காற்று வெளியேறி, மாப்பொருள் வேகத் தண்ணீர் இல்லாமல் இறுகியதுதான் உங்கள் செங்கல். மூன்று மாற்றம் வேண்டும்: பக்வீட்டை மொத்த மாவில் பாதிக்கும் கீழே இறக்குவது, வலைக்குப் பதில் பசை ஒன்றைச் சேர்ப்பது, தண்ணீரை மாவின் எடைக்குச் சமமாக அல்லது சற்றுக் கூடவே விடுவது. கோப்பைக் கணக்கை விட்டுவிட்டு ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்குங்கள். இந்த வெதுப்பலில் 20 கிராம் பிசகினாலே பதம் மாறும்.

கூட்டு மாவாக அரிசி மாவே போதும், நெல் விளையும் வவுனிக்குளத்து வாய்க்கால் பக்கத்தில் இருந்துகொண்டு வேறொன்றைத் தேடவேண்டியதில்லை. ஆனால் எந்த அரிசி மா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வறுத்து வைத்திருக்கும் மா இதற்குச் சரிவராது. வறுத்த மா தண்ணீரைச் சட்டென்று இழுத்துவிட்டுப் பிறகு பாணை வறட்சியாக்கும். புழுங்கல் அரிசி மாவும் ஏற்கெனவே ஒருமுறை வெந்ததுதான், அதுவும் கூடத் தண்ணீர் கேட்கும். பச்சை அரிசியை வறுக்காமல் அரைத்த மா எடுங்கள். ஊறவைத்து இடித்த ஈர மாவானால் எடையில் ஏறக்குறைய கால்பங்கு தண்ணீராகவே இருக்கும். 100 கிராம் நிறுத்தால் உண்மையில் 75 கிராம்தான் மா. அதை ஒரு வெயில் நன்றாகக் காயவிட்டு, கட்டிகளை உடைத்து, நுண்ணிய அரிதட்டில் அரித்த பிறகு நிறுங்கள். விரலிடையே தேய்த்தால் மணல் போல நெருடக்கூடாது. நெருடினால் பாணிலும் அதே நெருடல் இருக்கும். சிவப்பு அரிசியானாலும் பரவாயில்லை, மணம் இன்னும் நன்றாக இருக்கும், பாண் மட்டும் சற்று அடர்த்தியாக வரும். மூன்றாவதாக மாப்பொருள் வேண்டும். கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் கோர்ன்ஃப்ளவர் போதும். சவ்வரிசியை அரைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். அது பாதி வெந்த பொருள், களியாக்கிவிடும், வேண்டாம்.

பசைக்கு நான் சொல்வது இசப்கோல் உமி. மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் விற்கும் அதே பொருள்தான், நிறமும் இனிப்பும் சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் ஊறியதும் பாகு போலத் திரண்டு, குளூட்டன் வலை செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். மாவின் எடையில் 5 வீதம் என்ற கணக்கு பெரும்பாலான மாக் கலவைகளுக்குச் சரிவரும். சில இசப்கோல் சுட்டபின் பாணுக்குள் ஊதா நிறம் காட்டும், அது பழுதல்ல. சாந்தன் கம் என்ற பசைத் தூள் கிடைத்தால் அதையும் பாவிக்கலாம், ஆனால் கையால் உருட்டிப் பிடிக்கும் பதம் இசப்கோலில்தான் வரும். அரைத்த ஆளி விதை இரண்டுக்கும் குறைந்தது. பாணுக்கு அது தனியாகப் போதாது.

ஓர் இறாத்தல் பாண் தகரத்துக்கு அளவு இது: பக்வீட் மா 100 கிராம், பச்சை அரிசி மா 100 கிராம், கோர்ன்ஃப்ளவர் 50 கிராம், இசப்கோல் 12 கிராம் (மேசைக்கரண்டியில் ஏறக்குறைய மூன்று), தண்ணீர் 260 மில்லிலீற்றர், உடனடி ஈஸ்ட் 4 கிராம், சீனி 10 கிராம், உப்பு 5 கிராம், எண்ணெய் 15 கிராம், வினாகிரி ஒரு தேக்கரண்டி. தண்ணீர் கைக்கு இளஞ்சூடாக இருந்தால் போதும், மத்தியானத்தில் குழாய்த் தண்ணீரே அப்படித்தான் வரும். அந்தத் தண்ணீரில் இசப்கோலைத் தூவி உடனே கலக்கி 10 நிமிடம் விடுங்கள். தூவிவிட்டுக் கலக்காமல் நின்றால் கட்டி பட்டுவிடும், பிறகு எதைக்கொண்டும் உடைக்கமுடியாது. திரண்டதும் எண்ணெயையும் வினாகிரியையும் சேர்த்து, ஈஸ்ட், சீனி, உப்பு கலந்த மாக்களைக் கொட்டிக் கையால் பிசையுங்கள். உலர்ந்த மா எங்கும் தெரியாமல் போகும்வரை, 3 அல்லது 4 நிமிடம் போதும். பதம் ரொட்டி மாவை விடத் தளர்வாக, வடை மாவை விட இறுக்கமாக இருக்கவேண்டும். கையை நனைத்து உருட்டினால் உருள வேண்டும், விட்டால் மெல்லப் பரவ வேண்டும். எண்ணெய் பூசிய தகரத்தில் வைத்து, நனைத்த விரலால் மேலைத் தடவி மட்டமாக்குங்கள். பொங்க விடுவது ஒரே ஒரு தடவை. கோதுமைக்குச் செய்வது போல ஒருமுறை பொங்கியதை அமுக்கி மறுபடி பொங்கவிட்டால், போன காற்றைத் திருப்பிப் பிடிக்க இங்கே வலை இல்லை.

பொங்கும் நேரம்தான் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பியக் குறிப்புகளில் ஒரு மணி நேரம் என்று இருப்பதை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் 30 நிமிடத்திலேயே ஆகிவிடும், மார்கழி மழையில் 50 நிமிடம் பிடிக்கலாம். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: ஒன்றரை மடங்கு வந்ததும் ஓவனுக்குள் போகவேண்டும். இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருந்தால் மேலே ஊசிமுனை போலச் சிறு துளைகள் விழும். அதன்பிறகு சுட்டால் நடுவில் குழி விழும். ஓவனை முன்கூட்டியே 200 பாகை செல்சியஸில் சூடாக்கி, முதல் 20 நிமிடம் அந்தச் சூட்டில், பிறகு 180 பாகையில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். மேசையில் வைக்கும் சிறிய ஓவன்களின் திருகியில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒத்துப்போவது குறைவு, ஆகவே உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று உதவும். பாணின் நடுவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் 96 முதல் 98 பாகை வரவேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான சட்டியில் மணல் பரப்பி, மூடி, 15 நிமிடம் சூடேற்றித் தகரத்தை உள்ளே வைத்துச் சுடலாம். வேகும், ஆனால் மேல் தோல் வெளிறியிருக்கும், நேரமும் அடுப்பைப் பொறுத்து மாறும். சுட்டதும் தகரத்திலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வைத்து 2 மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த பாணும் களியாகத்தான் தெரியும், ஏனென்றால் மாப்பொருள் ஆறும்போதுதான் இறுகுகிறது. நல்ல பாணை இப்படி வெட்டிப் பார்த்துப் பழுதென்று எறிபவர்கள் அதிகம்.

ஆறிய பின்னும் உள்ளே பிசுபிசுவென்றிருந்தால் வேக்காடு போதாது. அடுத்த தடவை 10 நிமிடம் கூட்டுங்கள், தண்ணீரைக் குறைக்க அவசரப்படவேண்டாம். நன்றாக வெந்தும் அப்படியே இருந்தால் மட்டும் தண்ணீரை 15 மில்லிலீற்றர் குறையுங்கள். துண்டு உதிர்ந்தால் பசை குறைவு, இசப்கோலை 2 கிராம் கூட்டுங்கள், அல்லது 50 மில்லிலீற்றர் தண்ணீருக்குப் பதில் ஒரு முட்டை சேருங்கள். அடியில் இறுகிய பட்டை தெரிந்தால் மா சரியாகக் கலக்கவில்லை அல்லது ஓவனின் அடிச்சூடு போதவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கேக்குக்குப் பாண் அளவு சிரமமில்லை, முட்டை பசையின் வேலையைச் செய்துவிடும். 8 அங்குல வட்டத் தகரத்துக்குப் பக்வீட் மா 80 கிராம், அரிசி மா 80, கோர்ன்ஃப்ளவர் 40, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பட்டர் 150 கிராம், சீனி 150 கிராம், முட்டை 3, தேங்காய்ப்பால் 90 மில்லிலீற்றர். பட்டரையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவையும் பாலையும் மாறிமாறிக் கலந்து தகரத்தில் ஊற்றியபின் 20 நிமிடம் அப்படியே வைத்திருங்கள். உங்கள் கேக் உதிர்ந்ததற்கு முக்கிய காரணம் இந்த ஊறல் இல்லாததாகத்தான் இருக்கவேண்டும். தண்ணீர் உள்ளே இறங்காத மா வாயில் மணலாகும், வெட்டினால் நொறுங்கும். 170 பாகையில் 40 முதல் 45 நிமிடம். பேக்கிங் பவுடரிலும் சிலவற்றில் கோதுமை மாப்பொருள் உண்டு, பார்த்து வாங்குங்கள். பக்வீட்டுக்கு மண்வாசனையோடு ஒரு மெல்லிய கைப்பு இருக்கிறது. வனிலாவைவிடப் பனங்கட்டியும் வேர்க்கொம்பும் அதோடு நன்றாகச் சேரும். சீனியில் பாதியைத் துருவிய பனங்கட்டியாக மாற்றிப் பாருங்கள், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பிஸ்கட்டுக்குப் பக்வீட்டும் அரிசி மாவும் 100 கிராம் வீதம், பட்டர் 100, சீனி 80, பிடிக்கத் தேவையான தேங்காய்ப்பால். அரை மணி நேரம் குளிரில் வைத்துத் தட்டி 170 பாகையில் 15 நிமிடம் சுட்டால் முட்டையில்லாமலே வரும்.

உண்மையில் இந்த மா எந்தக் கூட்டும் இல்லாமல் தனித்தே நன்றாக வருவது தோசைக்கல்லில்தான். பிரான்ஸின் மேற்குக் கரையில் பிரிட்டனி மக்கள் சுடும் கலெத் அதுதான்: மா 250 கிராம், தண்ணீர் 570 மில்லிலீற்றர், உப்பு 7 கிராம், கரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு. காலையில் நன்றாகக் காய்ந்த கல்லில் மெல்லிதாகப் பரப்பி, விளிம்பு தானாகக் கிளம்பும்போது எடுங்கள். கல்லு போதியளவு காயாவிட்டால் ஒட்டும். பள்ளிக்கூடத்துக்குச் சம்பலோடு சுருட்டிக் கொடுக்கலாம். பாணில் கைவைக்கும் முன் இதைச் செய்து பார்த்தால் மாவின் குணம் கைக்குப் பிடிபடும்.

பக்வீட் முடிந்தால் என்ன செய்வது என்று கவலைப்படவேண்டாம். மேலே சொன்ன பாணிலும் கேக்கிலும் அதே எடை குரக்கன் மாவைப் போடலாம். குரக்கனில் பக்வீட்டின் வழுவழுப்பு இல்லை, அதனால் பாணுக்கு இசப்கோலை 2 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். பக்வீட்டில் புரதம் சற்றுக் கூட, குரக்கனில் கல்சியம் மிகக் கூட. வெளிநாட்டு மா கிடைக்கவில்லை என்பதால் பிள்ளைக்கு எதுவும் குறைந்துபோகாது. அன்றாடச் சாப்பாட்டுக்குச் சோறு, அரிசி மாப் புட்டு, கோதுமை மாவோ ரவையோ சேர்க்காத உழுந்துத் தோசை, குரக்கன் கூழ் எல்லாம் ஏற்கெனவே குளூட்டன் இல்லாதவைதான், பாத்திரம் மட்டும் சுத்தமாக இருக்கவேண்டும். பக்வீட்டைப் பாணுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் என்று ஒதுக்கி வைத்தால் இருக்கும் மா நீண்ட நாளைக்கு வரும். மச்சாள் அடுத்த தடவை வரும்போது மாவுக்குப் பதில் தோல் நீக்கிய, வறுக்காத முழு விதையாகக் கேளுங்கள். வெளிறிய பச்சை கலந்த நிறமாக இருக்கும். தோல் நீக்கியும் கபில நிறமாக இருந்தால் வறுத்தது, அதில் பசை பிடிக்காது. விதை நாள்பட இருக்கும், வேண்டியபோது அரைக்கலாம், உழுந்து போல ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்டும் சுடலாம். அப்படிச் செய்தால் ஊறிய விதையின் வழுவழுப்பைக் கழுவி ஊற்றாதீர்கள், அதுதான் பசை.

இப்போது கையில் இருக்கும் மாவைக் காற்றுப் புகாத போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். பக்வீட்டின் எண்ணெய் நம் வெயிலில் விரைவாகச் சிக்கடிக்கும். பழைய எண்ணெய் மணமோ தொண்டையில் நிற்கும் கைப்போ வந்தால் அந்த மாவை விட்டுவிடுங்கள். சுட்ட பாண் இரண்டாம் நாளே வறளும், ஆகவே ஆறியதும் வெட்டி, துண்டுகளுக்கிடையில் தாள் வைத்து உறையவைத்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுங்கள். அடுத்த பாணும் சரிவராவிட்டால் அரிசி மா வறுத்ததா பச்சையா, தகரத்தின் நீள அகலம், பொங்கவிட்ட நேரம், ஓவன் வகை ஆகியவற்றோடு, ஆறியபின் வெட்டிய துண்டின் படத்தையும் இங்கே போடுங்கள். துளைகள் எங்கே நெருங்கி எங்கே விலகி இருக்கின்றன என்பதைப் பார்த்தால் பிழை எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.